பேர் சொல்லி ஏற்றும் கயிறு

கிட்ட வந்து உட்காருங்கள். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். சிரிக்க வைக்கும் கதை வேண்டும் என்றால் இன்னொரு நாள் வாருங்கள். இன்றைக்குச் சொல்வது அழவைக்கிற கதை. எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம். பாதியில் எழுந்தால் எனக்குப் பிடிக்காது.

மரக்கலத்துக்குப் பாய் கட்டத் தெரிந்த, ஆனால் காகிதம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு காலத்தில், தெற்குக் கடற்கரையில் ஒரு ராஜா இருந்தான். அவனுக்கு யானை உண்டு, குதிரை உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கடல் உண்டு. அந்தக் கடலின் அடியில் முத்துச்சிப்பி விளைகிற மேடுகள் இருந்தன. அந்த மேட்டைப் பார் என்று சொல்வார்கள். பாருக்கு நேர் எதிரே கரையில் ஓர் ஊர். முனையந்துறை என்று அதற்குப் பேர்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராஜா என்றேன், கடல் என்றேன், ஊர் என்றேன். உலகத்தில் ராஜாக்கள் எத்தனையோ பேர், கடல்கள் எத்தனையோ, ஊர்கள் எத்தனையோ. அவை எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கிடக்கிற சொற்கள் அவை. அதனால் பொதுப்பெயர்கள். முனையந்துறை என்றேனே, அது அந்த ஓர் ஊருக்கு மட்டும் உரியது. அதனால் அது சிறப்புப்பெயர். இப்போது புரியாவிட்டால் பரவாயில்லை. கதை முடியும்போது புரிந்துவிடும்.

முனையந்துறை ஆண்கள் முத்துக் குளிப்பவர்கள். கனமான கல் ஒன்றின்மேல் காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் கடலடிக்குப் போவார்கள். போகிறவனைக் குளியாளி என்பார்கள். அவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். கயிற்றின் மறுநுனி தோணியில் இருக்கிற இன்னொருவன் கையில் இருக்கும். மூச்சு முட்டும்போது குளியாளி கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் விறுவிறுவென்று இழுத்து ஏற்றுவான். சுண்டியது தெரியாமல் போனாலும் சரி, தெரிந்தும் சோம்பியிருந்தாலும் சரி, கீழே போனவன் போனவன்தான்.

அதனால் அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது என்பதில் அந்த ஊரார் ரொம்பக் கறார். கூடப் பிறந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்க மாட்டார்கள். மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். மச்சான் பிடித்திருப்பது வெறும் கயிறா? தன் கூடப்பிறந்தவள் கழுத்துத் தாலியை அல்லவா பிடித்திருக்கிறான்? அவன் கை தளருமா?

கயிற்றோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. கயிறு பிடிக்கிற மச்சான் குளியாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இறக்கும்போது ஒரு தரம், ஏற்றும்போது ஒரு தரம், கரை சேர்ந்ததும் ஒரு தரம். மூன்று தடவையும் குளியாளி தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். கயிறு மாறிவிடக் கூடாதே என்று, அவனவன் மனைவியின் பழஞ்சேலையிலிருந்து ஒரு கிழிசலை எடுத்து அவனவன் கயிற்றில் முடிந்திருப்பார்கள். பச்சைக் கிழிசல் இன்னார் கயிறு, மஞ்சள் கிழிசல் இன்னார் கயிறு என்று தோணியில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஊரில் அலவாயன் என்று ஒருத்தன் இருந்தான். நல்ல குரல்வளம். அவனுக்குத் தாழையம்மை என்று ஒரே ஒரு தங்கை. அவளை முத்திருளன் என்கிற குளியாளிக்குக் கட்டிக் கொடுத்திருந்தான்.

அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்று பயம். சிரிக்காதீர்கள், பயம் என்றால் பயம்தான். கல்யாணத்தன்று முனையந்துறையில் ஒரு சடங்கு உண்டு. தாலி ஏறியதும் மணப்பெண் எழுந்துவந்து, புதுக்கயிறு ஒன்றின் நுனியைத் தன் அண்ணன் கையில் வைப்பாள். தாழையம்மை வைத்தபோது அலவாயன் காதோடு சொன்னாள்.

"அண்ணே, அவுக பேரு இனி என் வாயில வராது. உன் வாயில விட்டுட்டேன். பத்திரமா வச்சுக்க."

அலவாயனும் பத்திரமாகத்தான் வைத்திருந்தான். தினமும் காலையில் பாருக்குப் போனதும் 'முத்திருளா' என்று கூப்பிட்டு இறக்குவான். 'முத்திருளா' என்று கூப்பிட்டு ஏற்றுவான். சாயங்காலம் தோணி கரை தட்டுவதற்கு முன்பே எழுந்து நின்று, ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி 'முத்திருளன் வந்தாச்சு' என்பான். அந்தக் குரல் கேட்டதும்தான் தாழையம்மை அடுப்பிலிருந்து சோற்றை இறக்கிக் கஞ்சி வடிப்பாள். அவர்களுக்குச் சிலம்பி என்று நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. கஞ்சி வடிக்கிற சத்தம் கேட்டால் அப்பா வந்துவிட்டார் என்று அதற்குத் தெரியும்.

இப்படி ஐந்து வருஷம் போனது.

ஆறாம் வருஷம் ராஜா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணவறைக்கு மேலே முத்தாலேயே பந்தல் போட வேண்டும் என்று ராஜா ஆசைப்பட்டான். ஆசைப்படுவது ராஜா, மூச்சுப் பிடிப்பது வேறு யாரோ. முகூர்த்தத்துக்கு நாள் குறைவு. ஆகவே உள்நாட்டிலிருந்து ஒரு துறையதிகாரியை அனுப்பி வேலையை முடுக்கச் சொன்னான்.

அந்த அதிகாரி கெட்டவன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கை நீட்ட மாட்டான், அதட்ட மாட்டான், நேரத்துக்குச் சாப்பிடக்கூட மாட்டான். ராஜா சொன்ன நாளுக்குள் வேலையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் மனசில். வந்த அன்றே தோணியில் ஏறிப் பாருக்குப் போனான். பேர் சொல்வதும், பதில் கேட்பதும், முடிச்சுப் போடுவதும், முடிச்சை அவிழ்ப்பதும், கிழிசல் பார்த்துக் கயிறு தேடுவதும் என எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தான். அவனுக்குத் தலை சுற்றியது. கடலில் இறங்குகிற நேரத்தைவிட இறங்குவதற்கு முன்னால் ஆகிற நேரம் அதிகமாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டான்.

மறுநாள் கரையில் எல்லாரையும் கூட்டி மூன்று உத்தரவு போட்டான். முதலாவது, இனி யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். குளியாளி என்றால் போதும். இரண்டாவது, இடுப்பில் கயிறு கட்ட வேண்டாம். கயிறுகள் தோணியிலிருந்து தொங்கட்டும், கைக்கு எட்டிய கயிற்றைப் பிடித்து இறங்கலாம், கைக்கு எட்டிய கயிற்றைப் பிடித்து ஏறலாம், எந்தக் கயிறு சுண்டுகிறதோ அதைச் சும்மா இருக்கிறவன் இழுக்கலாம். மூன்றாவது, கயிற்றில் கட்டிய கிழிசல்களை எல்லாம் அவிழ்த்துவிட வேண்டும். எல்லாம் ஒரே கயிறுதானே, எதற்குக் கந்தல் என்று கேட்டான்.

முனையந்துறைக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். ஆனால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? ராஜ உத்தரவு என்று ஒரு பயம் இருந்தது. சீக்கிரம் வீடு திரும்பலாம் என்று ஓர் ஆசையும் இருந்தது. அலவாயனுக்கு இரண்டும் இருந்தன. ஐந்து வருஷமாகக் கத்திக் கத்தி அவன் தொண்டை புண்ணாகியிருந்தது. தொண்டைக்கு ஓய்வு என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டான். பின்னாளில் அவன் தன்னை மன்னிக்காததும் அந்தச் சந்தோஷத்துக்காகத்தான்.

முத்திருளனின் கயிற்றில் இருந்தது சிவப்புக் கிழிசல். அலவாயன் அதை அவிழ்த்துத் தன் மடியில் செருகிக்கொண்டான்.

முதல் நாள், கயிறுகள் தொங்கின. குளியாளிகள் இறங்கினார்கள், ஏறினார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினார்கள். சிப்பி மளமளவென்று குவிந்தது. அலவாயன் கைக்கு வந்த கயிற்றை எல்லாம் இழுத்தான். ஒரு தரம் முத்திருளன் வருவான் என்று இழுத்தால் வேறு ஒருவன் தலை நீட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். முத்திருளனும் சிரித்தான். பிறகு தோணி விளிம்பில் கையை ஊன்றியபடி அலவாயனைப் பார்த்தான்.

"நீங்க கூப்பிடாம இறங்கினா தண்ணி குளிருது மச்சான்," என்றான்.

அலவாயன் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் கரையில் குரல் எதுவும் எழவில்லை. தாழையம்மை அடுப்பில் சோறு குழைந்து போயிற்று. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து அவளுக்குக் கால் ஓய்ந்தது. புருஷன் தலையைக் கண்ட பிறகுதான் கஞ்சி வடித்தாள்.

இரண்டாம் நாள், காலையிலேயே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். உத்தரவு கரையில் இருக்கட்டும், பாரில் யார் வந்து கேட்கப்போகிறார்கள், மெதுவாகவாவது பேர் சொல்லிக் கூப்பிடு அண்ணே என்று கெஞ்சினாள். அலவாயன் ஆகட்டும் என்றான். தோணியில் ஏறியதும் மற்றவர்கள் யாரும் கூப்பிடவில்லை. தான் மட்டும் கூப்பிட்டால் கேலி செய்வார்கள் என்று கூச்சமாக இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். அன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. சிப்பி இன்னும் அதிகமாகக் குவிந்தது. அதிகாரி முதல் தடவையாக நேரத்துக்குச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் காற்று மாறியது.

மேற்கே கருத்தது. அலை தோணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கீழே இருந்தவர்கள் எல்லாம் தொங்கிய கயிறுகளைப் பிடித்துச் சுண்டினார்கள். மேலே இருந்தவர்கள் எது கிடைத்ததோ அதை இழுத்தார்கள். ஈரத் தலையும் ஈர முதுகுமாக ஒருவர்மேல் ஒருவர் வந்து விழுந்தார்கள். ஈரமானால் எல்லா முதுகும் ஒரே மாதிரிதான் இருக்கும். தோணித் தலைவன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்டான்.

குளியாளிகள் எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்டான். ஏறியாச்சு என்று எல்லாரும் சொன்னார்கள். கயிறெல்லாம் ஏறியாச்சா என்று கேட்டான். ஏறியாச்சு என்று எல்லாரும் சொன்னார்கள். பாயை ஏற்றலாமா என்று கேட்டான். ஏற்றலாம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை, பிள்ளைகளே. அதுதான் கொடுமை. ஏறினவன் ஒவ்வொருவனும் தான் ஏறியதைச் சொன்னான். ஏறாதவன் எப்படிச் சொல்வான்? 'குளியாளி' என்று கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் இருந்துகொண்டேதான் இருக்கும்.

அலவாயன் கடைசியாக ஒரு கயிற்றை இழுத்தான். அது கனமில்லாமல் வந்தது. நுனியில் யாரும் இல்லை. வெறும் கயிறு என்று சொல்லிச் சுருட்டி மற்றக் கயிறுகளோடு போட்டான். சிவப்புக் கிழிசல் அதில் இருந்திருந்தால் அவன் கை அங்கேயே நின்றிருக்கும். கிழிசல் அவன் மடியில் இருந்தது.

முத்திருளனைப் பற்றி அவன் நினைக்காமல் இல்லை. தோணியின் முன்முனையான அணியத்துப் பக்கம் ஒருவன் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். அதுதான் மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டான். 'முத்திருளா' என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் போதும். தோணி முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கும். ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

தோணி கரை தட்டியது. பெண்கள் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவனாக இறங்கினார்கள். ஒவ்வொருத்தியாக வீட்டுக்குப் போனார்கள். தாழையம்மை மட்டும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியாக இறங்கியவன் அலவாயன்.

"அண்ணே, சிலம்பி அப்பா எங்கே?"

எல்லாரும் ஏறியாச்சே என்றான் அலவாயன்.

"எல்லாரும் ஏறினாகளான்னு நான் கேக்கலை. அவுக ஏறினாகளான்னு கேக்குறேன்."

அலவாயன் திரும்பித் தோணியைப் பார்த்தான். தோணியில் யாரும் இல்லை. ஓடிப்போய்த் தனியாகவே தோணியைத் தள்ளப் பார்த்தான். வீட்டுக்குப் போனவர்கள் எல்லாம் ஓடிவந்து கூடத் தள்ளினார்கள். அந்த மழையில், அந்த அலையில், திரும்பப் பாருக்குப் போனார்கள். ஊர்க்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன், யாரும் பின்வாங்கவில்லை.

பாருக்குப் போனதும் அலவாயன் எழுந்து நின்று 'முத்திருளா' என்று கத்தினான். ஐந்து வருஷக் குரல் அத்தனையும் சேர்த்துக் கத்தினான். கிழக்கே பார்த்து ஒரு தரம், தெற்கே பார்த்து ஒரு தரம், தண்ணீரைப் பார்த்து ஒரு தரம். அவன் கையில் கயிறும் இருந்தது, வாயில் பேரும் இருந்தது. ஆனால் நேரம் தவறிப்போயிருந்தது. கடலுக்குள் என்ன நடந்தது, கயிறு கைக்கு எட்டவில்லையா, எட்டிப் பிடித்தும் நழுவியதா, யாருக்கும் தெரியாது. அவன் உடம்பும் கிடைக்கவில்லை.

முத்திருளன் போன எட்டாம் நாள் ராஜா முத்துப் பார்க்க முனையந்துறைக்கு வந்தான். கரையில் கூடாரம் போட்டிருந்தார்கள். குளியாளிகளும் கயிறு பிடிப்பவர்களும் பெண்களும் பிள்ளைகளும் மணலில் வரிசையாக நின்றார்கள். துறையதிகாரி முத்துக் கூடைகளைக் காட்டினான். ராஜா மகிழ்ந்து, வேலை நடந்த விதத்தில் குறை ஏதும் உண்டா என்று கேட்டான். குறை பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு குளியாளி போய்விட்டான் என்றான் அதிகாரி. அடடா, என்று ராஜாவும் வருத்தப்பட்டான். வேறொரு குளியாளியை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னான். அந்த வீட்டுக்கு நெல்லும் துணியும் அனுப்பச் சொன்னான். ராஜாவும் கெட்டவன் இல்லைதான்.

அப்போது தாழையம்மை வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். அலவாயன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் கையை உதறிவிட்டாள். ராஜாவைக் கும்பிட்டாள். எனக்கு நெல்லும் வேண்டாம், துணியும் வேண்டாம், போனது யார் என்று உங்கள் அதிகாரி வாயால் ஒரு தரம் கூப்பிடச் சொல்லுங்கள் என்றாள். அதற்கென்ன என்று ராஜா தலையசைத்தான்.

அதிகாரி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "முனையந்துறை ஆட்களே," என்று கூப்பிட்டான்.

ஐயா என்று ஊரே குரல் கொடுத்தது. ஊரே இங்கே நிற்கிறதே, அப்படியானால் யார் போனது என்று தாழையம்மை கேட்டாள்.

அவன் மறுபடி, "குளியாளிகளே," என்று கூப்பிட்டான்.

ஐயா என்று குளியாளிகள் அத்தனை பேரும் குரல் கொடுத்தார்கள். குளியாளிகளும் இருக்கிறார்கள், அப்படியானால் யார் போனது என்று அவள் கேட்டாள்.

மூன்றாம் தரம் கூப்பிட அதிகாரி வாயைத் திறந்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவனுக்குத் தெரியாது. போனவன் பேரை அவன் கேட்டதே இல்லை. தாழையம்மை அவனைத் திட்டவில்லை. ஐயா, உங்களை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டாள். அதிகாரி, "நம்பிகூத்தன்," என்றான். அந்தத் துறையில் அவன் பேரை யாரும் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

"நீங்க காணாமப் போனா உங்க ஆத்தா 'அதிகாரி'ன்னு கூப்பிட்டா தேடுவா?"

நம்பிகூத்தன் தலையைக் குனிந்துகொண்டான். ராஜா எழுந்து நின்றுவிட்டான்.

தாழையம்மை தன் அண்ணனைப் பார்த்தாள். கூப்பிடு அண்ணே என்றாள். உன்னிடம் விட்ட பேர், நீ கூப்பிடு என்றாள். அலவாயன் முயற்சி பண்ணினான். உதடு மட்டும் அசைந்தது. மடியிலிருந்த சிவப்புக் கிழிசலை எடுத்து அவள் காலடியில் வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் அந்தக் கிழிசலை எடுத்துக்கொண்டாள். கடலுக்கு நேரே திரும்பினாள். ஊர்ப் பெண்களுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் தாயே, சொல்லாதே, ஆயுசு குறையும் என்று ஒருத்தி பதறினாள்.

"இனிமே குறைய என்னக்கா இருக்கு," என்றாள் தாழையம்மை.

பிறகு கூப்பிட்டாள். "முத்திருளா" என்று கூப்பிட்டாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் வாயில் வராத பேர். முதல் தரம் குரல் நடுங்கியது. இரண்டாம் தரம் கொஞ்சம் உரத்தது. மூன்றாம் தரம் கூடாரத் துணி அதிர்கிற மாதிரி வந்தது. கரையில் அத்தனை பேர் நின்றார்கள். ஒருவர்கூட ஐயா என்று சொல்லவில்லை. ஊராரால் சொல்ல முடியவில்லை, குளியாளிகளால் சொல்ல முடியவில்லை, ராஜாவாலும் முடியவில்லை. அந்தப் பேருக்குப் பதில் சொல்லக்கூடியவன் ஒருவன்தான். அவன் கடலில் இருந்தான்.

எல்லாரும் காத்திருந்தார்கள். அலை வந்து வந்து போனது. சிலம்பி மட்டும் தாயின் சேலையைப் பிடித்து இழுத்து, அம்மா, யாரது முத்திருளன் என்று கேட்டது. பாவம், சாயங்காலக் குரலில் அந்தப் பேரைக் கேட்டிருந்தாலும், அதற்கு அவனை அப்பா என்று மட்டும்தான் தெரியும்.

"உங்க அப்பாதான் கண்ணு," என்று சொல்லி அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

ராஜா முத்துக் கூடைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கரையில் நின்றபடியே மூன்று உத்தரவையும் எடுத்துவிட்டான். பேர் சொல்லாமல் என் கடலில் ஒருவனும் இறங்கக் கூடாது, பேர் சொல்லாமல் ஒருவனும் ஏறக் கூடாது என்றான். முத்துப்பந்தல் வேண்டாம் என்றும் சொன்னான். மகள் கல்யாணம் தென்னங்கீற்றுப் பந்தலில் நடந்தது. நல்லது செய்தான். ஆனால் அந்த நல்லது எட்டு நாள் தாமதமாக வந்தது.

நம்பிகூத்தன் ஊரைவிட்டுப் போகவில்லை. தினமும் விடியலில் தோணி கிளம்புகிற இடத்தில் நின்று, ஏறுகிற ஒவ்வொருவனிடமும் பேர் கேட்பான். மறந்துபோய் மறுநாளும் கேட்பான். முதலில் சலித்துக்கொண்டவர்கள் பிறகு அவனைக் கண்டதும் தாங்களே பேரைச் சொல்லிவிட்டு ஏறினார்கள். முனையந்துறைப் பெண்களும் அதற்குப் பிறகு மாறிப்போனார்கள். சாயங்காலம் கரைக்கு வந்து, அவளவள் புருஷனை அவளவளே பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டதால் யாருடைய ஆயுசும் குறையவில்லை.

அலவாயன் மறுபடி கயிறு பிடிக்கவே இல்லை. கேட்டுப் பார்த்தார்கள், இந்தக் கையில் இனிக் கயிறு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். துடுப்புப் போட மட்டும் தோணியில் போவான். தாழையம்மை அவனோடு பேசாமல் இருந்தது ஒரு மாதம். பிறகு ஒரு நாள் சிலம்பியின் கையில் கஞ்சி கொடுத்து அனுப்பினாள். அவன் அதைக் குடித்துவிட்டு வெகுநேரம் அழுதான். அவள் மன்னித்துவிட்டாள், அவன்தான் தன்னை மன்னிக்கவில்லை.

அன்று முதல், தோணி பாருக்குப் போய்ச் சேர்ந்ததும், மற்றவர்கள் இறங்குவதற்கு முன்னால், அலவாயன் எழுந்து நிற்பான். 'முத்திருளா' என்று மூன்று தரம் கூப்பிடுவான். ஒரு குளியாளி மூச்சுப் பிடிக்கிற நேரம் வரைக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். தோணியில் எல்லாரும் பேசாமல் காத்திருப்பார்கள். பதில் வராது. அதற்குப் பிறகு உட்கார்ந்து துடுப்பை எடுத்துக்கொள்வான். கிழவனாகிக் குரல் போன பிறகும், உதட்டை மட்டும் அசைத்து மூன்று தரம் கூப்பிட்டான்.

என் கதை இவ்வளவுதான். இனி வீட்டுக்குப் போங்கள்; போகிற வழியில் உங்களுக்குச் சோறு போடுகிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் யாரைக் கண்டாலும் அவர்கள் பேர் என்னவென்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பொதுப்பெயருக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடுவார்கள், சிறப்புப்பெயருக்கு அதற்குரிய ஒருவர் மட்டுமே பதில் சொல்ல முடியும் என்பதால், ஓர் உயிரைக் காக்க வேண்டியவர் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு நாளும் மறக்கக் கூடாது.